பொட்டு வைத்த மாக்னெட்டோ: கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூருக்கு

சுண்டக்கா, போய் வந்துவிட்டோம். உன் மோட்டார் மலை ஏறிவிட்டது. ஒரு மாடுகூட அதைத் தொடவில்லை. முதலில் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு: சுண்டக்கா என்பது என் மகள். ஏழு வயது. போன மாசியில் காய்ச்சலில் போய்விட்டாள். சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஆளும் சின்னது, நிறமும் அப்படி, அதனால் அந்தப் பேர். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். இந்தப் பத்திரிகையில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் ரயிலிலும் கப்பலிலும் போகிறார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூருக்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். தவறு இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் வண்டி பழையது. ஒரு எஸ்டேட் துரை ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத் தொட்டி ஒன்று ஒட்டியிருக்கும். என் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்த நாளிலிருந்து சுண்டக்காவுக்கு அதுதான் விளையாட்டு. பெட்ரோல் டாங்கியின் மேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவள் போன பிறகு வீட்டுக்காரர் வண்டியைத் தொடவே இல்லை. மாட்டுக் கொட்டகை ஓரம் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டார்.

ஐப்பசியில் அவருடைய அண்ணன், எங்கள் வீட்டு மூத்தவர், பேச்சை எடுத்தார். பொள்ளாச்சியிலிருந்து பழைய இரும்பு வாங்குகிற ஆள் வருகிறானாம், கொடுத்துவிடலாம் என்றார். "ஓடாத சாமானத்துக்கு எடம் எதுக்கு? அந்த எடத்துல ரெண்டு எருமை கட்டலாம்" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மூத்தவர் முன்னால் வந்து பேசுகிற வழக்கமில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, கதவிடம் சொல்கிற மாதிரிச் சொன்னேன்:

"ஏனுங்க, ஓடாதுன்னு ஆரு சொன்னது? மறையூருல என்ற தங்கச்சி கொழந்தை பெத்து மூணு மாசம் ஆச்சு. நாங்க அதுலயே போய்ப் பாத்துட்டு வாரோமுங்க."

மூத்தவர் சிரித்தார். கதவைப் பார்த்தே அவரும் பதில் சொன்னார்: "சின்னாறு மலையில ஏறுமாக்கும்! சரி அம்மணி. போயிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. வழியில ஒரு மாடு அதைத் தொட்டு இழுத்துச்சுன்னா, வண்டி இரும்புக்காரனுக்கு. தொடாம போயி, தொடாம திரும்பி வந்தா, நான் அதைப் பத்தி வாயே தொறக்கறதில்ல."

இதுதான் பந்தயம். 

கார்த்திகை முதல் வாரம் கிளம்பினோம். தடம் இதுதான்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி பதினான்கு மைல். அங்கிருந்து உடுமலைப்பேட்டை பதினேழு. உடுமலையிலிருந்து சின்னாறு பதினேழு. சின்னாற்றிலிருந்து மறையூர் பத்து மைல், ஏற்றம். காலையில் கொச்சி ராஜா சீமை, நடுவில் வெள்ளைக்காரன் சீமை, பொழுது சாயும்போது திருவிதாங்கூர். ஒரே நாளில் மூன்று சர்க்கார். பெட்ரோல் இரண்டு காலன் டின் ஒன்று தொட்டியில் என் காலடியில் இருந்தது. வீட்டிலேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டோம். தங்கச்சிக்கு ஒரு சாக்கில் தேங்காயும் கொஞ்சம் நிலக்கடலையும். பிள்ளைக்கு ஒரு கொலுசு.

கிளம்புவதற்கு முதல் நாள் வண்டியைச் சாக்கிலிருந்து வெளியே எடுத்தபோது ஒன்றைப் பார்த்தேன். இஞ்சினின் ஓரத்தில் சின்னச் செம்பு அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். அதன் பேர் மாக்னெட்டோ. உள்ளே காந்தம் இருக்கிறது. காலால் வண்டியை உதைத்தால் அது சுற்றும், சுற்றினால் பொறி பிறக்கும், அந்தப் பொறி ஒரு வயர் வழியாகப் பிளக்குக்குப் போகும், பிளக் பெட்ரோலைக் கொளுத்தும், வண்டி ஓடும். எனக்கு என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். வயர் வெளியே வருகிற இடத்தில் ஒரு கறுப்பு மூடி இருக்கிறது. அதில் சந்தனமும் குங்குமமும் தடிமனாகக் காய்ந்து போயிருந்தது. போன வருஷம் ஆயுத பூஜைக்குச் சுண்டக்கா வைத்த பொட்டு. ஹாண்டில், விளக்கு, சக்கரம் எல்லாவற்றுக்கும் அவள் அப்பா வைத்தார். "இதுக்குத்தானுங்கப்பா மூஞ்சி இருக்குது" என்று சொல்லி இதற்கு மட்டும் அவள் வைத்தாள். பாதிச் சந்தனம் வழிந்து கீழே இரும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. இந்த வருஷம் துக்கம் என்பதால் வீட்டில் பூஜை இல்லை. அதனால் அந்தப் பொட்டின் மேல் வேறு பொட்டு விழவில்லை.

வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூடியைச் சுற்றி வந்த துணி அந்தப் பொட்டுக்கு ஒரு விரல் தள்ளியே திரும்பிப் போனது. 

விடியற்காலை மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. கொட்டகையில் இருந்த எருமைகள் மிரண்டன. மூத்தவர் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்று பார்த்தார்.

பொள்ளாச்சி வரைக்கும் ரோடு நல்ல ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். தொட்டியில் உட்கார்கிறவர்கள் ஒரு தலையணை எடுத்துக்கொண்டு போகவும். நான் எடுத்துப் போகவில்லை, பட்டேன். பொள்ளாச்சியில் காபி ஆளுக்கு ஓரணா, இட்லி சூடாக இருந்தது. நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள் வண்டியைச் சுற்றி ஒரு சந்தைக் கூட்டமே நின்றது.

கோமங்கலம் தாண்டி வண்டி இருமியது. பிறகு நின்றுவிட்டது.  வீட்டுக்காரர் இறங்கி, பேசாமல் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மாசிக்குப் பிறகு அவர் பேசுவதே குறைவு. எனக்கு அப்போதுதான் சுண்டக்காவின் பாட்டு ஞாபகம் வந்தது.

வண்டி நின்றுபோனால் அவள் அப்பா எதை முதலில் பார்ப்பார், எதை அடுத்துப் பார்ப்பார் என்பதை அவள் அஞ்சாங்கல் ஆடும்போது பாட்டாகக் கட்டி வைத்திருந்தாள். கல்லை மேலே போடும்போது ஒரு வரி:

எண்ணெ எறங்குச்சா
பிளக்கு மின்னுச்சா
முள்ளு தொறந்துச்சா
பொட்டு வெச்சாச்சா

எண்ணெய் என்றால் பெட்ரோல். முள் என்பது மாக்னெட்டோவுக்குள் மூடி மூடித் திறக்கிற இரண்டு சின்ன முனைகள். கடைசி வரி அவளாகச் சேர்த்தது. அது இல்லாவிட்டால் பாட்டு முடியாது என்பாள்.

நான் சத்தமாகச் சொன்னேன்: "எண்ணெ எறங்குச்சாங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு குனிந்து கார்புரேட்டரின் குமிழை விரலால் அமுக்கினார். பெட்ரோல் வழிந்தது. "எறங்குச்சு" என்றார்.

"பிளக்கு மின்னுச்சாங்க?"

பிளக்கைக் கழற்றினார். வாயெல்லாம் எண்ணெய்ப் பிசின், கறுப்பு. பல மாதம் சும்மா நின்ற வண்டி அல்லவா. பெட்ரோலில் நனைத்துத் துடைத்து, தீக்குச்சியால் அதன் வாயைக் கொளுத்தி உலர்த்தி, மறுபடி மாட்டினார். இரண்டாவது உதையில் ஓடியது. நான் தொட்டிக்குள் குதித்து ஏறினேன். எனக்கு என்னவோ அந்த மலையை அப்போதே ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

உடுமலைப்பேட்டையில் மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று: கொஞ்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் சக்கரமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். மலைக்கு மேலே சிலர் நம் அணாவை வாங்கத் தயங்குகிறார்கள். உடுமலை தாண்டினால் சோற்றுக்கடை கிடையாது. ஊர்களும் குறைந்துகொண்டே போகும், பிறகு முள்காடு. யானைச் சாணம் ரோட்டின் நடுவிலேயே கிடந்தது, ஆவி பறக்க. வீட்டுக்காரர் வண்டியை வேகமாக விட்டார். நான் தொட்டிக்குள் முடிந்தவரை சின்னதாக உட்கார்ந்துகொண்டேன்.

சின்னாறு போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணி இருக்கும். அங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சௌக்கை, அதாவது சுங்கச்சாவடி. வண்டியை நிறுத்தச் சொல்லி, தேங்காய்ச் சாக்கை அவிழ்த்து, கொலுசைப் பார்த்து, பேர் எழுதி, எல்லாம் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். சௌக்கைக்காரர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. மலை மேலிருந்து மேகம் இறங்கி ரோட்டை மறைத்தது.

கிளம்பலாம் என்று வீட்டுக்காரர் உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். இஞ்சின் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சௌக்கைச் சேவகர் ஒருவர் குடையோடு வந்து குனிந்து பார்த்தார். "எந்தா சாரே, வண்டி சத்தோ?" என்றார். செத்துப்போச்சா என்று கேட்கிறார். எனக்கு அந்தச் சொல் சுருக்கென்றது. "சாகலீங்க. மழைக்குப் பயந்து கெடக்குது" என்றேன்.

உடுமலையில் வெல்லம் இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மறையூர் திரும்புகிற மாட்டு வண்டிகள் இரண்டு அங்கே நின்றன. முன் வண்டிக்காரர் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வந்தார். மதுரைப் பக்கத்துப் பேச்சு. அவர் பேரைக் கேட்கவில்லை. அவருடைய வலது மாட்டின் பேர் மயிலை, அது மட்டும் தெரியும், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் அவர் அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"என்னண்ணே, இந்த உதை உதைக்கிறீக. நான் எம் மயிலைய ஒரு தட்டுத் தட்டுனா ஊரே பாவம்ங்குது. இந்த மோட்டார உதைச்சா யாரும் கேக்க மாட்டேங்கிறாக."

அடுத்த வண்டிக்காரர் சிரித்தார். முன் வண்டிக்காரர் கயிற்றை எடுத்து விரித்தார். "கட்டுங்கண்ணே. பத்து மைலுதான். மயிலையே இழுத்துரும். பைசா வேணாம், பேச்சுத் தொணைக்கு ஆச்சு."

"மாடு தொடக் கூடாதுங்க" என்றேன் நான்.

"ஏந் தாயி? எம் மாட்டுக்கு என்ன கொறச்ச?"

"கொறையெல்லாம் இல்லீங்க. பந்தயமுங்க." பந்தயத்தைச் சொன்னேன். அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "இங்ஙன யாரு பாக்கப் போறா? அம்புட்டுத் தொலவுல இருக்க உங்க மச்சாண்டாருக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்லீங்க."

"அதுஞ் சரிதான்" என்றார். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. வேடிக்கை பார்க்க மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "இருட்டுறதுக்குள்ள ஆகலேன்னா நான் கட்டிருவேன் தாயி. ஆனை எறங்குற எடம். பந்தயமா உசுரான்னு பாக்கணும்." அவர் சொன்னது நியாயம்தான். அங்கே தங்க முடியாது. பொழுது சாய மூன்று மணி நேரம்கூட இல்லை.

நான் பாட்டை முதலிலிருந்து தொடங்கினேன். எண்ணெய் இறங்கியது. பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து இஞ்சினின் மேல் படுக்கவைத்து, அவர் உதைத்தார். மோட்டார் வைத்திருக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நல்ல வண்டியில் அப்போது பிளக்கின் வாயில் நீலப்பொறி குதிக்கும். குதிக்கவில்லை. கோமங்கலத்தில் சுத்தம் செய்த பிளக், பளபளவென்று இருந்தது, ஆனால் பொறி இல்லை. அப்படியென்றால் குற்றம் பிளக்கில் இல்லை, அதற்கு முன்னால் எங்கேயோ.

"முள்ளு தொறந்துச்சாங்க?"

சின்ன மூடியைத் திறந்து முள்ளைப் பார்த்தார். நான் குடையாக முந்தானையைப் பிடித்தேன். நெருப்புப் பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்து முனைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்தார். முள் நன்றாகத்தான் திறந்தது, மூடியது. மறுபடி பிளக்கைப் படுக்கவைத்து உதைத்தார். பொறி இல்லை. மறுபடி துடைத்தார், மறுபடி உதைத்தார். மூன்று தரம் அப்படி. அவர் சட்டை மழையிலும் வியர்வையிலும் ஒட்டிக்கொண்டது.

பாட்டில் ஒரு வரி பாக்கி இருந்தது. நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கூட்டுக் கணக்கில் கடைசி வரியை விட்டுவிட்டு விடையைத் தேடுகிற மாதிரி இரண்டு பேரும் அந்த மூடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தோம்.

கடைசியில் நான்தான் சொன்னேன். "ஏனுங்க, கம்பளியைக் குடுங்க. இருட்டாக்கிப் பாக்கலாம். பொறி எங்கயோ போகுதுல்ல. எங்க போகுதுன்னு தெரியட்டும்."

வண்டிக்காரர் தன் கம்பளியைக் கொடுத்தார். மாட்டு வாடை. இஞ்சினோடு சேர்த்து என் தலையையும் அதற்குள் போட்டு மூடிக்கொண்டேன். உள்ளே கும்மிருட்டு. "உதைங்க" என்றேன்.

உதைத்தார். பார்த்தேன்.

கறுப்பு மூடியில், வயர் வெளியே வருகிற வாயிலிருந்து ஒரு நீல நூல். முடி அளவு மெலிசு. உன் பொட்டின் மேல் ஊர்ந்து, வழிந்த சந்தனத்தோடு கீழே இறங்கி, இரும்பில் போய் மறைந்தது. பிளக்குக்குப் போக வேண்டியது போகவில்லை. அது போன வழியெல்லாம் ஒரு கணம் குங்குமம் சிவப்பாகத் தெரிந்தது, உன் விரல் ரேகைகூடத் தெரிந்த மாதிரி இருந்தது.

 "இன்னொருக்கா உதைங்க" என்றேன். மறுபடி அதே நூல். எத்தனை அழகு தெரியுமா? "இன்னொருக்கா."

"தெரியுதா புள்ள?" என்றார் வெளியிலிருந்து.

"தெரியுதுங்க."

"எங்க?"

நான் சொல்லவில்லை.  பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "பொட்டு மேலயா?"

கம்பளியை விலக்கி எழுந்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"புரட்டாசியில, நீ கோயிலுக்குப் போன அன்னிக்கு, சாக்கை எடுத்துட்டு உதைச்சுப் பாத்தேன். மழை சாரல். பிடிக்கல. வெயில் வந்ததும் பிடிச்சுச்சு. அப்பவே ரோசனை வந்துச்சு." காலால் ரோட்டுக் கல்லைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "வரப்பு காஞ்சிருந்தா தண்ணி வயலுக்குப் போகுது. வரப்பு நனைஞ்சு ஒடைஞ்சா மடை வழியா ஓடிப் போயிருது. அதேதான். சந்தனம் காஞ்சிருந்தா ஒண்ணுமில்ல. ஈரம் குடிச்சா அதுதான் வாய்க்கா."

"அப்பறம் ஏனுங்க தொடைக்கல?"

"நீ ஏன் தொடைக்கல?"

 வண்டிக்காரர் எதையும் கேட்காமல் எழுந்து போய் மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அவரும் பிள்ளை பெற்றவராகத்தான் இருக்க வேண்டும்.

"நீங்க தொடைக்கறீங்களா?" என்றேன்.

"என்னால ஆகாது புள்ள" என்றார். மாசியிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்க நினைத்தது அதுதான் என்று அப்போது தெரிந்தது. என்னால் ஆகாது. எனக்கும் ஆகாது. ஆனால் இரும்புக்காரன் வருகிறான். பொட்டு இருந்தால் வண்டி அவனிடம் போகும், வண்டி போனால் பொட்டும் அதோடு போகும். பொட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்க ஒரு வழியும் இல்லை.

நகத்தால் சுரண்டினேன். ஈரத்தில் ஊறியிருந்ததால் குழைந்து வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு முழுவதும். முந்தானையால் மூடியைத் துடைத்து, பெட்ரோல் தொட்டு இன்னொரு தரம் துடைத்து, உலர்ந்த மூலையால் பளபளவென்று தேய்த்தேன். விரல் நுனியில் சந்தனமும் குங்குமமும் கலந்த குழம்பு. அதைத் துடைக்க மனசு வரவில்லை. மாசிக்குப் பிறகு நான் நெற்றியில் பேருக்கு ஒரு புள்ளி வைப்பதோடு சரி. அந்த விரலை அப்படியே என் நெற்றியில் வைத்தேன். மழை அதை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தார். "மொகரையைப் பாரு, கரகாட்டக்காரி மாதிரி" என்றார்.

"உதைங்க மொதல்ல" என்றேன்.

முதல் உதை. சுண்டக்கா, முதல் உதை! இரண்டாவதுக்கு வேலையே இல்லை. டம டம என்று மலையெல்லாம் எதிரொலித்தது. மயிலை நாலு கால் பாய்ச்சலில் ஆற்றோரம் வரைக்கும் ஓடியது. வண்டிக்காரர் பின்னால் ஓடிக்கொண்டே கத்தினார்: "பந்தயத்துல ஜெயிச்சது நீங்க தாயி, ஓடுறது நானா!" சௌக்கைச் சேவகர் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்று கை தட்டினார்.

அந்தப் பத்து மைல் ஏற்றத்தைப் பற்றி: மழையில் போகிறவர்கள் இறக்கத்தை விட ஏற்றத்தில் கவனமாக இருங்கள், வளைவுகளில் செம்மண் வழுக்கும். வலது பக்கம் தூரத்தில் தூவானம் அருவி மேகத்துக்கு நடுவே ஒரு நிமிஷம் தெரிந்தது. நான் தொட்டியிலிருந்து அந்த மூடியின் மேல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். தேவை இல்லைதான். ஆனாலும் பிடித்தேன். மறையூர் வரும்போது கரும்புப் பாகு காய்ச்சுகிற வாசனை முதலில் வந்தது, பிறகு விளக்குகள். தங்கச்சி சத்தம் கேட்டே வெளியே ஓடி வந்துவிட்டாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். வண்டிச் சத்தத்துக்கு அழாத பிள்ளை. ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் படுக்கவைத்துத்தான் தூங்கப் பண்ணினோம்.

இரண்டு இரவு தங்கினோம். திரும்பும்போதும் சின்னாற்றில் மழை. சௌக்கையில் நிறுத்தினார்கள், எழுதினார்கள். வெளியே வந்து உதைத்தார். இரண்டாவது உதையில் பிடித்தது. அங்கே நின்ற வண்டிக்காரர்களுக்கு எங்கள் கதை ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒருவர் என் நெற்றியைப் பார்த்து அடுத்தவர் காதில் ஏதோ சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஊருக்குள் நுழையும்போது வீட்டுக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மூத்தவர் வாசலில் இறங்கி வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். குனிந்து ஹாண்டிலைப் பார்த்தார், முன் சக்கரத்தின் தண்டைப் பார்த்தார். கயிற்றுத் தடம் தேடுகிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. நான் கதவுக்கு அந்தப் பக்கம் போகவில்லை. வண்டித் தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், அவர் பார்க்க.

தடம் எங்கேயும் இல்லை. நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். வண்டியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று சொல்லியிருந்தாரல்லவா, அதை மறந்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, செவ்வாக்கெழமை சித்தூரு கோர்ட்டுக்கு ஒரு வேலையாப் போகணும். அந்தத் தொட்டியில ஒரு ஆளு நல்லா ஒக்காரலாமல்ல?"

"தலையணை எடுத்துக்கோணுமுங்க" என்றேன் நான். அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

போக நினைக்கிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. பெட்ரோலை உடுமலைக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னாற்றை மதியத்துக்கு முன்பே தாண்டப் பாருங்கள். ஒரு உலர்ந்த துணி, ஒரு நெருப்புப் பெட்டி, ஒரு கம்பளி, மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டி நின்றால் பதறாதீர்கள். எண்ணெய், பிளக், முள் என்று வரிசையாகப் பாருங்கள். மழையில் பிடிக்காமல் வெயிலில் பிடிக்கிறது என்றால் இருட்டாக்கிப் பாருங்கள், பொறி எங்கே வழி தவறுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். முக்கியமாக, பூஜைக்கு வண்டிக்கு எங்கே வேண்டுமானாலும் சந்தனம் குங்குமம் வையுங்கள். மாக்னெட்டோவின் மூடிக்கும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானுக்கும் மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்த வருஷம் நம் வீட்டில் பூஜை உண்டு, சுண்டக்கா. உன் அப்பா இப்போதே விளக்கு, சக்கரம் எல்லாம் தான் வைப்பதாகச் சொல்லிவிட்டார். உன் பாட்டின் கடைசி வரிக்கு மட்டும் இடம் இல்லை. மூஞ்சி இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்று நீதானே சொன்னாய். அதற்கு வைக்க முடியாதென்றால், நீ வைக்க வேண்டிய பொட்டை இனி நான் எங்கே வைக்கட்டும், கண்ணு?